சப்பாத்திக்கள்ளி வந்த கதை, போன கதை

சென்ற மாதம் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். திண்ணை ஓரத்தில் ஒரு சின்ன மண் தொட்டி. அதிலே முயல் காது மாதிரி இரண்டிரண்டு மடலாக ஒரு குட்டிக் கள்ளி. அந்த வீட்டு மருமகள் டவுனுக்குப் போனபோது நர்சரியில் வாங்கி வந்ததாம். "சார், இதுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடணும்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலில் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கள்ளிக்குப் போய் யாராவது தண்ணி ஊத்துவாங்களா? இதை ஒழிக்கிறதுக்குப் பட்ட பாட்டை எங்க அப்பா கதை கதையாச் சொல்லுவாரு தம்பி. காசு குடுத்து வாங்கிட்டு வந்து வச்சிருக்கா பாருங்க!" என்றார்.

மருமகள் கேட்டதும் நியாயமான கேள்வி. மாமனார் சொன்னதும் உண்மை. இன்றைக்குத் தொட்டியிலே அழகுக்கு வளர்க்கிறோமே, இந்தச் செடியின் உறவுக்காரச் செடி ஒன்று ஒரு காலத்தில் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு விவசாயியை வெளியே நிறுத்தியிருக்கிறது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தெரிந்துகொண்டால், தொட்டியில் இருப்பதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

எது நம் கள்ளி?

முதலில் ஒரு விஷயம். நாம் கள்ளி என்று சொல்வதெல்லாம் ஒரே சாதிச் செடி அல்ல. கரட்டிலே வளரும் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மண்ணிலே பழங்காலம் முதல் இருப்பது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தைச் சொல்லும்போது வருகிற கள்ளி இந்தப் பால் கள்ளி வகைதான்.

சப்பாத்திக்கள்ளி வேறு. நாகதாளி என்றும் சொல்வார்கள். அதைக் கீறினால் பால் வராது; வழவழவென்று பசை போல நீர் வரும். தட்டையான மடல், அதன்மேல் புள்ளி புள்ளியாக முள், முள்ளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சுணை. இதன் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். அங்கிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்டது இது. மெக்சிகோ நாட்டில் இதன் இளம் மடலைக் காய்கறியாகச் சமைக்கிறார்கள், பழத்தைச் சாப்பிடுகிறார்கள். அந்த நாட்டுக் கொடியிலேயே இந்தச் செடி இருக்கிறது. அங்கே அது பயிர். இங்கே வந்து எப்படிக் களையாக மாறியது? அதுதான் கதை.

சிவப்புச் சாயத்துக்காக வந்தது

மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின் மேல் ஒரு சின்னப் பூச்சி வாழ்கிறது. கொச்சினீல் என்று பெயர். நமக்குத் தெரிந்த மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. மேலே வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். விரலால் நசுக்கினால் இரத்தம் போலச் சிவப்பாக வரும். பெண் பூச்சியைச் சேகரித்துக் காயவைத்துப் பொடி செய்தால், பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்ற உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயப் பொடிக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும் என்பார்கள். அப்படியானால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் மெக்சிகோ ஸ்பெயின் நாட்டார் கையில் இருந்தது. அங்கிருந்து கப்பல் ஏறின சரக்கில் வெள்ளிக்கு அடுத்தபடியாகப் பணம் கொடுத்தது இந்தச் சாயம்தான். பூச்சி உயிரோடு வெளியே போகாதபடி ஸ்பெயின்காரர்கள் காத்து வந்தார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கோ இந்தச் சாயம் நிறையத் தேவை. அவர்கள் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு இந்தச் சாயத்தில் தோய்த்ததுதான். விலை கொடுத்து வாங்குவதற்குப் பதில், நம் ஆட்சியில் உள்ள இந்தியாவிலேயே உற்பத்தி செய்தால் என்ன என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது.

சென்னையில் அப்போது ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். கம்பெனியின் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தவர். செடி கொடிகளில் பெரிய ஆசை உள்ளவர். 1786-ல் சென்னையில் புல்லின் மேல் ஒரு சிவப்புப் பூச்சியைப் பார்த்துவிட்டு, இதுதான் கொச்சினீல் என்று சீமைக்குக் கடிதம் எழுதினார். அது கொச்சினீல் அல்ல என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றே அமைத்தார்கள். பூச்சி வருவதற்கு முன்பே பூச்சிக்குத் தீனி தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகப் பல இடங்களிலிருந்து கள்ளி வகைகளை வரவழைத்து நட்டு வளர்த்தார்கள். ஆண்டர்சனின் உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

இதே சைதாப்பேட்டையில்தான் பிற்காலத்தில், 1868-ல், விவசாயப் பள்ளி தொடங்கியது. அது 1906-ல் கோயமுத்தூருக்குப் போய், இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வித்தாக அமைந்தது. கள்ளியைப் பயிராக வளர்த்ததும் அந்த ஊர், பயிர்த்தொழிலைப் பாடமாக வைத்ததும் அந்த ஊர்.

பூச்சி மாறிப் போனது

உண்மையான பூச்சியைக் கொண்டுவருபவருக்குக் கம்பெனி பெரிய பரிசு அறிவித்தது. 1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சி ஒட்டிய கள்ளிகளைக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கினார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் வந்தது மெக்சிகோவின் உயர்ந்த பூச்சி அல்ல. அதே இனத்தைச் சேர்ந்த காட்டுப் பூச்சி. பார்ப்பதற்கு ஒன்று போலத்தான் இருக்கும். சாயம் மட்டம், மேலே பஞ்சு அதிகம். நல்ல விதை என்று நம்பிக் கலப்பு விதையை வாங்கி விதைத்தவன் கதைதான். சாயத்தொழில் நினைத்தபடி எழவில்லை.

சாயம் தராவிட்டாலும் பூச்சி தன் வேலையைச் செய்தது. எந்தக் கள்ளியின் மேல் அதை விட்டார்களோ அந்த வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. வட இந்தியாவில் அந்த வகை அழிந்து போவதைப் பார்த்தவர்கள், 1836 முதல் 1838 வரை அந்தப் பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து இங்கே மண்டியிருந்த அதே வகைக் கள்ளியின் மேல் விட்டார்கள். அதுவும் அழிந்தது. 1865-க்குச் சற்று முன் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை ஒழிப்பதற்காக வேண்டுமென்றே ஒரு பூச்சியை விட்டது உலகத்திலேயே இங்குதான் முதன்முதல் என்று பூச்சியியல் நூல்கள் சொல்லுகின்றன. சாயத்துக்கு வந்த பூச்சி களைக்கொல்லியாகப் பெயர் வாங்கிக்கொண்டது!

வேலியே பயிரை மேய்ந்தது

இத்தோடு கதை முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த சப்பாத்திக்கள்ளி ஒரு வகை மட்டும் அல்ல. மஞ்சள் பூப் பூத்து, கருஞ்சிவப்புப் பழம் பழுக்கும் கொடுமுள் வகை ஒன்றும் இருந்தது. அந்தக் காட்டுப் பூச்சி இதைத் தொடவே இல்லை. பூச்சிகளில் பல இப்படித்தான். கத்தரித் தண்டுத் துளைப்பான் நெல்லுக்குப் போகாது. அது போல ஒரு கள்ளியைத் தின்னும் பூச்சி பக்கத்துக் கள்ளியைத் திரும்பிப் பார்க்காது.

இந்தக் கொடுமுள் வகையை நாமே விரும்பி நட்டோம் என்பதையும் மறைக்கக் கூடாது. காரணம் இருந்தது. செலவில்லாத வேலி. இரண்டு மடலை மண்ணில் போட்டால் போதும். தண்ணீர் வேண்டாம், காவல் வேண்டாம். ஆடு மாடு உள்ளே வராது. பஞ்சம் வந்தால் முள்ளைத் தீயில் பொசுக்கிவிட்டு மாட்டுக்குப் போடலாம். பிள்ளைகள் பழத்தைப் பறித்துத் தரையில் தேய்த்துச் சுணையை எடுத்துவிட்டுத் தின்று வாயெல்லாம் சிவப்பாக்கிக்கொள்ளும்.

ஆனால் வேலி போட்ட இடத்தில் வேலி நிற்கவில்லை. மடல் ஒன்று முறிந்து விழுந்தால் விழுந்த இடத்திலே வேர். பழத்தைக் காக்கை தின்றால் எச்சமிட்ட இடத்திலே செடி. மழைத் தண்ணீர் மடலை இழுத்துப் போனால் ஓடை நெடுகிலும் புதர். வெட்டிப் போட்டால் பத்துத் துண்டும் பத்துச் செடியாகும். மேய்ச்சல் நிலம் போயிற்று, தரிசு போயிற்று, ஊர்ப் பாதை குறுகிற்று. புதருக்குள் பாம்பும் பன்றியும் குடியிருந்தன. வெட்டிக் குவித்து எரிக்கிற கூலி அந்த நிலத்தின் விலையையே தாண்டும் என்றால் ஏழை விவசாயி என்ன செய்வான்? நிலத்தை விட்டுவிட்டு ஒதுங்கினான். பெரியவர் சொன்ன பாடு இதுதான்.

1926-ல் வந்த இரண்டாவது பூச்சி

தீர்வும் பூச்சியால்தான் வந்தது. கொச்சினீல் இனத்தில் இன்னொரு வகை, இந்தக் கொடுமுள் கள்ளியையே தின்னக்கூடியது, இலங்கையில் இருந்தது. 1926-ல் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த முறை தாங்கள் கொண்டுவருவது எது, அது எந்தக் கள்ளியைத் தின்னும் என்று பார்த்துச் செய்தார்கள்.

பூச்சி வேலை செய்யும் விதம் எளிது. குஞ்சுகள் தூசி அளவுதான் இருக்கும். மடலின் மேல் ஊர்ந்து போய் ஒரு இடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். காற்றிலும் பறந்து போய் அடுத்த புதரைப் பிடிக்கும். பூச்சி பிடித்த மடலை எடுத்துப் புதிய புதரில் வைத்தாலும் போதும், ஏறிக்கொள்ளும். சில மாதத்தில் மடல் மஞ்சளாகி, தொங்கி, அழுகிக் கீழே விழும். கத்தி தோற்ற இடத்தில், நெருப்பு தோற்ற இடத்தில், ஊசி முனை அளவு வாய் உள்ள பூச்சி ஜெயித்தது. ஐந்தாறு வருஷத்தில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர், கள்ளியின் பிடியிலிருந்து மீண்டது. கோயமுத்தூரில் அரசாங்கப் பூச்சியியல் நிபுணராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1931-ல் இந்தப் பூச்சிகளைப் பற்றிக் கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் பொட்டல் காட்டில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பூச்சி காவல் இருப்பதால்தான் கள்ளி ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கிறது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008-ல் கோயமுத்தூர் வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடாமல் பாழாக்கியதே, நினைவிருக்கிறதா? எத்தனை மருந்து அடித்தும் நிற்காத அந்தப் பூச்சியை, 2010-ல் வரவழைத்து விட்ட சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. கள்ளிக்குச் செய்த அதே வித்தைதான்.

ஒரு தொட்டிச் செடி செய்த வேலை

ஆஸ்திரேலியா நாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது தொட்டியில் தொடங்கிய கதை. 1839-ல் ஸ்கோன் என்ற ஊருக்கு ஒருவர் இந்தக் கொடுமுள் கள்ளியின் நெருங்கிய உறவான வகையை ஒரே ஒரு தொட்டியில் கொண்டுபோனார். அதிலிருந்து வேலிக்கு எடுத்து நட்டார்கள். இப்படி ஊர் ஊராகப் பரவி, 1925 வாக்கில் அந்த நாட்டில் சுமார் 6 கோடி ஏக்கரில் கள்ளி பரவியிருந்தது. வீட்டை விட்டு, பண்ணையை விட்டு வெளியேறினவர்கள் ஏராளம். 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியின் சுமார் 3,000 முட்டைகளைக் கொண்டுபோய்ப் பெருக்கி விட்டார்கள். அதன் புழு மடலுக்குள் புகுந்து குடைந்து தின்றது. ஏழெட்டு வருஷத்தில் பெரும்பகுதி நிலம் வெளுத்துவிட்டது. நன்றி மறவாத விவசாயிகள் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரால் 1936-ல் ஒரு மண்டபமே கட்டினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கொண்டுபோனது ஒரு தொட்டி. ஒழிக்க ஒரு நாடே பாடுபட வேண்டியிருந்தது.

தொட்டியில் வளர்ப்பது எப்படி?

அப்படியானால் கள்ளியே வேண்டாமா என்று அந்த மருமகள் கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பொறுமையான செடி கிடையாது.

நம் பயிர்களில் பெரும்பாலானவை பகலில் இலைத் துளையைத் திறந்து காற்றை வாங்குகின்றன; அப்போது தண்ணீரும் ஆவியாகப் போகிறது. கள்ளி பகலில் துளையை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். மேலே மெழுகுத் தோல், உள்ளே தண்ணீர்ப் பை, இலைக்குப் பதில் முள். அதனால்தான் நாம் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் வாடாமல் இருக்கிறது. வறட்சியால் இது சாவது குறைவு. நம் அன்பினால்தான், அதாவது தினமும் ஊற்றுகிற தண்ணீரால்தான், சாகிறது.

அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டி எடுங்கள். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு வையுங்கள். தோட்டத்து மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு அரைப் பங்கு போதும். களிமண் ஆகாது. காலை வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். நிழலில் இருந்ததை ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். சிறிது சிறிதாகப் பழக்குங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். கோடையில் பத்து நாளைக்கு ஒரு முறை போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடித்தண்டு பழுப்பாகி மெத்தென்று ஆனால் அழுகல் வந்துவிட்டது என்று அர்த்தம். மேலே நல்லதாக உள்ள மடலை வெட்டி, ஒரு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பின் புதிய மண்ணில் நடலாம். வெள்ளைப் பஞ்சு போலப் பூச்சி ஒட்டினால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போகும். பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு, மஞ்சள் உருண்டை உள்ள செடி கிடைக்கிறதே, அது ஒட்டுக் கட்டியது. அந்த உருண்டைக்குப் பச்சையம் கிடையாது; கீழே உள்ள தண்டுதான் சோறு போடுகிறது. அதற்குக் கடும் வெயில் ஆகாது.

முயல் காதுக் கள்ளியில் பெரிய முள் இல்லையே என்று கையால் பிடிக்காதீர்கள். சுணை தோலில் ஏறிவிடும். கண்ணில் பட்டால் ஆபத்து. காகிதத்தைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடியுங்கள். சின்னப் பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மிஞ்சிய மடல்

விடைபெற்றுக் கிளம்பும்போது வாய்க்கால் பக்கம் வண்டியைத் திருப்பினேன். கரையில் நாலு முயல் காது! செடி பெருத்துவிட்டதென்று ஒடித்த மடல்களை அந்தப் பெண் குப்பையோடு கொட்டியிருக்கிறார். இரண்டு அதற்குள் வேர் பிடித்திருந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடையில் போட்டார். மருமகளும் வந்து வேர் மிச்சம் இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தார். சிமெண்டுத் தளத்தில் பரப்பி, சுருங்கிக் காய்ந்த பின் எரித்துவிடும்படி சொன்னேன். இந்த வகைக் கள்ளியைத் தின்று ஒழிக்க நம் ஊர்ப் பூச்சி முன்வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே மிஞ்சிய மடலைக் கரையில், ஓடையில், புறம்போக்கில் எங்கேயும் வீசாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளியை மாட்டுத் தீவனத்துக்காக நடும்படி அண்மை ஆண்டுகளில் மத்திய அரசு ஊக்கம் கொடுத்து வருகிறது. வறண்ட நிலத்துக்கு அது உதவும். ஆனால் மடலில் பெரும்பகுதி தண்ணீர்தான். வைக்கோல், தட்டையோடு கலந்தே கொடுக்க வேண்டும். மொராக்கோ நாட்டில் 2014 முதல் நமக்கு நன்மை செய்த அந்தக் கொச்சினீல் பூச்சியே தீவனக் கள்ளித் தோட்டங்களை அழித்திருக்கிறது. களைக்கு எமனாக வந்தது பயிருக்கும் எமனாகலாம். அதனால் நடுமுன் வகையின் பெயரைக் கேட்டு, வேளாண் அலுவலரின் யோசனையோடு நடுங்கள்.

சப்பாத்திக்கள்ளி சாயத்துக்கு வந்தது. உண்ணிச்செடி பூ அழகுக்கு வந்தது. சீமைக்கருவேல் விறகுக்கு வந்தது. ஒன்றும் தானாக வரவில்லை. நல்லதை நினைத்து மனிதர்கள்தான் கொண்டுவந்தார்கள். புதிய செடி எதுவானாலும் அதன் பெயர் என்ன, எப்படிப் பரவும், வேண்டாம் என்றால் எப்படி ஒழிப்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு வீட்டுக்குள் விடுங்கள். தொட்டியில் இருக்கும்வரை அது செல்லப்பிள்ளை. தொட்டியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.